ஊட்டுச் சோற்றில் ஒரு திருத்தம்

போட்டி முடிய மூன்றரை மணி நேரம் இருக்கும்போது மின்சாரம் போனது. காலை ஒன்பது மணி. ஒரு நிமிடம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மின்விசிறி சுற்றி ஓய்வதற்குள் மேசைக்கடியில் யுபிஎஸ் கத்தத் தொடங்கிவிட்டது. பழைய யுபிஎஸ். எட்டு நிமிடம் தாங்கும், நல்ல நாளில் பத்து.

பக்கத்து வீட்டு அக்கா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். சன்னலைத் திறந்து கேட்டேன்.

“இன்னிக்கு ஷட்டவுன் அம்மிணி. அஞ்சு மணிக்குத்தான் வரும். பேப்பர்ல போட்டிருந்தானே, நீ பாக்கலியா?”

பார்க்கவில்லை. பதினோரு ஆண்டுகள் சேலத்தில் ஒரு நாளிதழில் பக்கம் வடிவமைத்தவள் நான். மின்தடை பற்றிய பெட்டிச் செய்தி என் கையால்தான் பக்கத்தில் ஏறும். கொண்டப்பநாயக்கன்பட்டி என்ற எங்கள் ஊர்ப்பெயர் ஒற்றைப் பத்தியில் அடங்காது. ‘பட்டி’ மட்டும் உடைந்து அடுத்த வரியில் தனியாக நிற்கும். அதை மேலே இழுக்க எழுத்துகளின் இடைவெளியை எத்தனையோ முறை குறைத்திருக்கிறேன். வேலை போன பிறகு அந்தப் பத்திரிகையை வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

வேலை போனதற்கு என் தரப்பில் காரணம் எதுவும் இல்லை. மாவட்டப் பக்கங்களையும் சென்னையிலேயே முடித்துவிடலாம் என்று நிர்வாகம் முடிவு செய்தது. சேலம் அலுவலகத்தில் ஐந்து பேர் தேவைப்படவில்லை. அதன் பிறகு பதினான்கு மாதங்களாக நான் செய்துவந்தது, இணையத்தில் நடக்கும் வடிவமைப்புப் போட்டிகளுக்குப் படைப்பு அனுப்புவது. உலகத்தில் எங்கோ ஒருவர் தன் கடைக்கு ஒரு சின்னம் வேண்டும் என்று தளத்தில் எழுதுவார். யார் வேண்டுமானாலும் செய்து அனுப்பலாம். வருவதை ஒவ்வொன்றாக அவர் பார்த்து, ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போடுவார். கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அதைச் செய்தவருக்குப் பரிசு. மற்றவர்களுக்கு ஒன்றும் கிடையாது. நான் இரண்டு முறை கடைசி மூன்றில் வந்திருந்தேன். வென்றதில்லை.

நாமக்கல்லில் என் அண்ணன் லாரி ஆபீஸ் வைத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் உட்கார நம்பகமான ஆள் வேண்டும் என்று இரண்டு மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். போட்டி எப்படி நடக்கிறது என்று ஒருமுறை அவருக்கு விளக்கினேன்.

“அப்ப எழுவது பேரு சமைச்சு வெப்பீங்க. அவன் வந்து ஒரு எலையில மட்டும் உக்காந்து திம்பான். மிச்ச எலையெல்லாம்?”

“எடுத்து வெச்சுக்குவோம்ணா.”

“ஊசிப்போயிராது?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “ஒரு முடிவச் சொல்லு அம்மிணி. எங்கிட்ட வேல கேட்டு ரெண்டு பேரு நிக்கறாங்க.”

“இப்ப ஒண்ணு நடந்துட்டு இருக்குதுங்ணா. அதுல கெலிச்சா நான் இதையே பாத்துக்கறேன். இல்லீன்னா முடிவு வந்த அடுத்த திங்கக்கிழமை உங்க ஆபீசுல இருப்பேன்.”

“பேச்சு மாத்தப்படாது.”

“மாத்தமாட்டேன்.”

நாமக்கல் ஆபீசுக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். காலையில் கிளம்பினால் திரும்ப இருட்டிவிடும். அங்கே போனால் இந்த மேசை அவ்வளவுதான் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

நான் சொன்ன அந்தப் போட்டியை வைத்தவர் வெளிநாட்டில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை திறக்கப்போகிறவர். கடையின் பெயர் ஆங்கில எழுத்தில் ‘OODU’. சொந்த ஊர்ச் சமையல், பெயர் தமிழ் எழுத்திலும் இருக்க வேண்டும், வாழை இலை வேண்டாம், குத்துவிளக்கு வேண்டாம், யானை வேண்டாம் என்று எழுதியிருந்தார். பெயருக்கு என்ன பொருள் என்று எழுதவில்லை. அது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருக்க வேண்டும்.

தெரியவில்லை. இந்தத் தளத்தில் ஒருவர் அனுப்புவதை மற்றவர்களும் பார்க்கலாம். முதல் நாளே முப்பதுக்கு மேல் வந்துவிட்டன. பலர் ஓடும் மனிதனை வரைந்திருந்தார்கள். காலணிக்கு இறக்கை வைத்திருந்தார் ஒருவர். தமிழ் தெரிந்த இருவர் ‘ஓடு’ என்றே எழுதியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கூரை ஓடு, இன்னொருவர் முட்டை ஓடு. ஒற்றை நட்சத்திரங்களாக விழுந்துகொண்டிருந்தன. போட்டி வைத்தவர் யாருக்கும் எதையும் விளக்கவில்லை.

நான் திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்தவள். எங்களுக்கு வீடு என்பது ஊடு. வீட்டில் இருப்பவர் ஊட்டுல இருக்கிறார், கணவர் ஊட்டுக்காரர். அந்த நான்கு ஆங்கில எழுத்துகளைப் படிக்க எனக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. பதினான்கு மாதத்தில் முதன்முறையாக, மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது.

அன்று மதியமே பென்சிலில் வரைந்தேன். ஊ என்ற எழுத்தில், உ-வின் வால்மீது ஒரு சின்ன ள உட்கார்ந்திருக்கும். அந்த ள-வைத் திறந்த இரட்டைக் கதவாகவும், உ-வின் வளைவை அதன் முன்னால் வந்து நிற்கும் வழியாகவும் ஆக்கினேன். டு கதவுக்குப் பக்கத்துச் சுவர். அடியில் கையாலேயே ‘நம்ம ஊட்டுச் சோறு’ என்று எழுதி, போனில் படமெடுத்து அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் நான்கு நட்சத்திரம் வந்தது. கூடவே ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்: ‘ஒருவழியாக!’

அந்த நட்சத்திரத்தை நான் மட்டும் பார்க்கவில்லை. மறுநாள் காலை தளத்தைத் திறந்தபோது ஓடுகிறவர்களையும் கூரைகளையும் காணோம். எங்கு பார்த்தாலும் ஊ. தமிழ் எழுத்தையே வாழ்நாளில் கண்டிராதவர்கள் என் பென்சில் படத்தைப் பெரிதாக்கி, அதன்மேல் கோடு இழுத்திருந்தார்கள். ஒருவர் ஊ-வைத் தலைகீழாக வைத்திருந்தார். ஒருவர் ள-வுக்குக் கண் வைத்து ஆந்தையாக்கியிருந்தார். தமிழ் புழங்காத நாட்டின் சிறு கொடியைத் தன் பெயர் அருகே வைத்திருந்த ஒருவர் மட்டும் எதையும் மாற்றவில்லை. கதவு, வழி, சுவர், அடியில் இருந்த மூன்று சொற்கள் எல்லாவற்றையும் கோட்டுக்குக் கோடு எடுத்திருந்தார். அவருடைய கோடு என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் செய்தி முழுமையாகாது.

அதனால் நான் ஒரு முடிவு எடுத்தேன். முழுமையான படைப்பைக் கடைசி மணி நேரம் வரை வெளியே காட்டக் கூடாது. இந்தத் தளங்களில் பழகியவர்கள் பலரும் செய்வதுதான். போட்டி வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு முடியும். பதினொன்றரைக்கு அனுப்புவதாகத் திட்டம். கடைப் பலகை, பார்சல் பை, விசிட்டிங் கார்டு மூன்றிலும் சின்னம் எப்படி இருக்கும் என்று ஒரே தாளில் காட்டும் படம். புதன் மாலைக்குள் எல்லாம் முடிந்திருந்தது. எழுத்துகளைக் ‘கர்வ்’ ஆக்குவது மட்டும் பாக்கி. அதாவது, தட்டச்சு செய்த எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றிவிடுவது. மாற்றிவிட்டால் எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் எழுத்து கலையாது. ஆனால் அதன்பின் திருத்தவும் முடியாது. பத்திரிகைப் பழக்கம், திருத்தத்துக்குக் கடைசி வரை வழி வைத்திருப்பேன். அதைக் காலையில் செய்துகொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

யுபிஎஸ் கத்திக்கொண்டிருந்தது. கர்வ் ஆக்கிப் படமாக மாற்ற என் கம்ப்யூட்டருக்குப் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் அது அணைந்தால் கோப்பே கெட்டுப்போகலாம். பென் டிரைவைச் செருகி, கோப்பை அப்படியே நகல் எடுத்தேன். நகல் முடிந்து நான் டிரைவை உருவியபோது திரை கறுத்தது.

செவ்வாய்ப்பேட்டையில் என் பழைய சக ஊழியர் ஒருவர் டிடிபி கடை வைத்திருக்கிறார். என்னையும் சேர்த்து வேலையிழந்த ஐவரில் ஒருவர். மளிகை மொத்தக் கடைகளுக்கு மசாலா லேபிளும் கல்யாணப் பத்திரிகையும் அடிக்கிறார். போனில் கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்கூட்டியை எடுத்தேன். கோரிமேடு, அஸ்தம்பட்டி, கலெக்டர் ஆபீஸ் வரை தடையில்லை. செவ்வாய்ப்பேட்டைத் தெருவுக்குள் நுழைந்ததும் ஒரு மினிலாரி குறுக்கே நின்று மிளகாய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. முன்னால் ஆட்டோ, பின்னால் டவுன் பஸ்ஸின் ஹாரன். முக்கால் மணி நேரம் நின்றேன். தும்மல் வந்துகொண்டே இருந்தது.

மாடியில் இருந்த கடைக்குள் போகும்போது மணி பத்தரை.

“வாங்க மேடம். என்ன, எடிஷன் லேட்டா?” என்றார் சக ஊழியர்.

“பன்னண்டரைக்குப் போகணும். சிஸ்டம் குடுங்க.”

இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதற்கு எதிரே வெண்ணந்தூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மிளகாய்த்தூள் லேபிள் போட வந்தவர். மிளகாயின் சிவப்பு போதவில்லை என்று நான்காவது முறையாக மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். திரையில் தெரிகிற சிவப்பு அச்சில் வராது என்று சக ஊழியரும் நான்காவது முறையாகச் சொன்னார். நான் நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்து வெண்ணந்தூர்க்காரர் திரும்பினார்.

“அவசரமுங்களா?”

“ஆமாங்க.”

“பாருங்க, பாருங்க. என் மொளகா எங்கியும் போயிராது.” நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். ஆனால் கடையைவிட்டுப் போகவில்லை. என் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டார்.

உட்கார்ந்தபோது பதினொன்று பத்து. கோப்பைத் திறந்தேன். சின்னம் நான் வரைந்தது, அது சரியாக இருந்தது. தட்டச்சு செய்த எழுத்துகள் எல்லாம் சிதறிக் கிடந்தன. என் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் எழுத்துரு இங்கே இல்லை. பலகையிலும் பையிலும் கார்டிலும் ‘நம்ம ஊட்டுச் சோறு’ இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக நின்றது. இங்கே இருந்த எழுத்துருக்களில் சின்னத்துக்கு ஒத்துப்போவது ஒன்றைத் தேடவே இருபது நிமிடம் போனது. கிடைத்ததும் பலகையில் அந்த மூன்று சொற்களை அடித்து, அதையே நகலெடுத்துப் பையிலும் கார்டிலும் வைத்தேன். அளவு, இடைவெளி, நடுவாக்கல். பதினொன்று ஐம்பத்தைந்துக்குக் கர்வ் ஆக்கினேன். படமாக மாற்றினேன். பதிவேற்றும் முன், தாள் முழுவதையும் மூலைக்கு மூலை பார்த்தேன். இந்தக் கண்ணைப் பழக்கப் பதினோரு ஆண்டு ஆகியிருக்கிறது. பிழையான சொல் எங்கே இருந்தாலும் கண் அங்கே தானாக நிற்கும். எங்கும் நிற்கவில்லை.

பன்னிரண்டு பத்துக்குப் படைப்பு தளத்தில் ஏறியது. நாற்காலியில் சாய்ந்தேன். சக ஊழியர் டீ சொல்லிவிட்டிருந்தார்.

“ஏனுங்க, ஒரு சந்தேகம்,” என்றார் பின்னாலிருந்த வெண்ணந்தூர்க்காரர். “மேல ஊடுன்னு போட்டிருக்குது. கீழ வீடுன்னு போட்டிருக்குது. ஓனருக்கு ரெண்டு ஊடுங்களா?”

சக ஊழியர் சத்தமாகச் சிரித்தார். நான் திரையைப் பார்த்தேன். பலகையில், பையில், கார்டில், மூன்று இடத்திலும் ‘நம்ம வீட்டுச் சோறு’ என்று இருந்தது.

என் கண் ஏன் நிற்கவில்லை என்பது அப்போதே புரிந்தது. அது பிழையில்தான் நிற்கும். ‘வீட்டு’ என்பதில் பிழை இல்லை.

மணி பன்னிரண்டு பதினைந்து. தளத்தில் ‘மாற்று’ என்று ஒரு பொத்தான் உண்டு. புதுப் படம் முழுதாக ஏறினால் பழையது போய்விடும். கர்வ் ஆக்காத கோப்பு நல்லவேளையாகத் தனியாக இருந்தது. திறந்து, சொல்லை அழித்து, ‘ஊட்டுச்’ என்று அடித்து, இடைவெளி விசையைத் தட்டினேன். என் கண்முன்னே அது ‘வீட்டுச்’ ஆனது.

அழித்தேன். மறுபடி அடித்தேன். மறுபடி ‘வீட்டுச்’.

“என்னங்க இது, உங்க சிஸ்டத்துல பேய் இருக்குதா?”

சக ஊழியர் எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. “மேடம், அது நம்ம ஆபீஸ் டைப்பிங் சாஃப்ட்வேருங்க. வரும்போது காப்பி பண்ணிட்டு வந்தேன். அந்த லிஸ்டும் கூடவே வந்துடுச்சு.”

அந்த லிஸ்ட் எனக்குத் தெரியும். எங்கள் பத்திரிகையில் ஊர் நிருபர்கள் பேசுவதுபோலவே செய்தி அனுப்புவார்கள். ஒருமுறை ராசிபுரம் பக்கமிருந்து ‘ஊட்டில் நகை திருட்டு’ என்று ஒரு செய்தி வந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த வெளியூர் உதவி ஆசிரியர் ஓர் எழுத்து விட்டுப்போனதாக நினைத்து, ‘ஊட்டியில் நகை திருட்டு’ என்று திருத்திவிட்டார். மறுநாள் ராசிபுரத்தில் திருடு கொடுத்தவர் பத்திரிகையோடு ஆபீசுக்கு வந்து, “நான் எப்பங்க ஊட்டிக்குப் போனேன்?” என்று கேட்டார். அதன் பிறகு தட்டச்சு மென்பொருளில் ஒரு மாற்றுப் பட்டியல் சேர்த்தார்கள். பேச்சுச் சொல்லை அடித்து இடைவெளி விட்டால், எழுத்துச் சொல்லாக மாறிவிடும். ஊடு, ஊட்டு, ஊட்டுச், ஊட்டில், ஊட்டுக்கு. அத்தனை வடிவமும் எங்கள் பக்கத்துக்காரிக்குத்தான் தெரியும் என்று அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நான் ஒன்றும் விடாமல் சேர்த்திருந்தேன்.

பன்னிரண்டு பத்தொன்பது. இடைவெளி விட்டால்தான் மாறும் என்பதால், சொற்களைத் தனித்தனித் துண்டாக அடித்தேன். ‘நம்ம’ ஒரு துண்டு. ‘ஊட்டுச்’ என்று அடித்து, இடைவெளியைத் தொடாமல் மவுசை வேறிடத்தில் சொடுக்கினேன். நின்றது. ‘சோறு’ ஒரு துண்டு. மூன்றையும் வரிசையில் சேர்த்து, மூன்று இடத்திலும் வைத்தேன். டீ வந்தது. கொண்டுவந்தவரிடம் கையைக் காட்டி நிறுத்தினார் வெண்ணந்தூர்க்காரர்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்குக் கர்வ். இருபத்தேழுக்குப் படம் தயார். ‘மாற்று’ பொத்தானை அழுத்தினேன். பச்சைப் பட்டை நகரத் தொடங்கியது. பாதி வரை வேகமாகப் போனது. பிறகு நின்றது. பிறகு கொஞ்சம் நகர்ந்தது.

“கீழ் வீட்டுல யாரோ படம் பாக்கறாங்க போலிருக்கு,” என்று சக ஊழியர் படியிறங்கி ஓடினார். ஒரே இணைய இணைப்பைக் கடையும் கீழ் வீடும் பகிர்ந்துகொண்டிருந்தன.

பட்டை முக்கால் தாண்டியது. முனைக்கு வந்தது. பிறகு பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. போட்டி முடிந்துவிட்டது என்று ஒரு வரி. அதன் கீழே என் படைப்பு, ‘நம்ம வீட்டுச் சோறு’.

“ஏறிடுச்சுங்களா?” என்றார் வெண்ணந்தூர்க்காரர்.

“இல்லீங்க.”

அவர் டீயை வாங்கி என் பக்கம் வைத்தார். பிறகு, “நான் வாய வெச்சிருக்கப்படாது,” என்றார். அவர் சொல்லாமல் இருந்திருந்தாலும் அங்கே அதே மூன்று சொற்கள்தான் இருந்திருக்கும். அதை அவரிடம் சொன்னேன். அவர் சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை.

முடிவு வரும்வரை போட்டியாளர்கள் எதுவும் எழுத முடியாதபடி தளத்தில் பூட்டு இருக்கும். போட்டி வைத்தவர் முதலில் பேசினால்தான் நாம் பதில் சொல்லலாம். வெள்ளி, சனி, ஞாயிறு என்று நாள் போனது. நான் தளத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். ஊட்டுக்காரர் இரண்டு முறை, “வந்துச்சா?” என்று கேட்டார். மூன்றாம் முறை கேட்க வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் மோட்டாரைப் போடப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை முடிவு வந்தது. கோட்டுக்குக் கோடு எடுத்தவர் வென்றிருந்தார். போட்டி வைத்தவர் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தார். ஆங்கிலம்தான், ஆனால் கடைசி வரி மட்டும் ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். தன் கடையின் பெயர் ஊடு. என் தாளில் அதற்குக் கீழே ‘வீட்டு’ என்று இருக்கிறது. வென்றவர் அந்தச் சொல்லைச் சரியாக எழுதியிருக்கிறார். பலகை செய்ய அன்றே கொடுக்க வேண்டும் என்பதால் திருத்தம் கேட்டுக் காத்திருக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். கடைசி வரி: ‘தப்பா நெனச்சுக்காதீங்க.’

சரியாக எழுதியிருந்தார் என்பது உண்மை. தமிழ் தெரியாததால் அவர் என் பென்சில் எழுத்தை ஒரு படமாகப் பார்த்து, அப்படியே வரைந்துவிட்டார்.

அன்றே தளத்தில் புகார் கொடுத்தேன். புகார்ப் படிவத்தில் நம்முடைய முடிவுற்ற படைப்பு எது என்று கேட்பார்கள். பென்சில் படம் வெறும் யோசனை. யோசனைக்கு உரிமை கிடையாது என்பது அவர்கள் விதி. எனவே வியாழக்கிழமை ஏற்றிய தாளைத்தான் காட்ட வேண்டியிருந்தது. பென்சில் படத்தின் தேதியையும், ஊடும் வீடும் ஒரே பொருள் என்பதையும், மென்பொருள் சொல்லை மாற்றியதையும் விளக்கக் கட்டத்தில் எழுதினேன். கட்டம் சிறியது. எழுதியதைச் சுருக்கி, மறுபடியும் சுருக்கி, கடைசியில் எனக்கே ஏதோ சாக்குச் சொல்வதுபோல் இருந்தது.

மூன்றாம் நாள் பதில் வந்தது. மரியாதையான ஆங்கிலம். இரண்டு படைப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். வென்ற படைப்பு உங்கள் முடிவுற்ற படைப்புக்கு மூன்று நாள் முன்பே தளத்தில் ஏறியிருக்கிறது. சின்னம் இரண்டிலும் பெரிதும் ஒத்திருக்கிறது. ஆயினும் இரண்டிலும் உள்ள வாசகம் வேறு வேறாக இருப்பதால், உங்கள் படைப்பை நகல் என்று கருதவில்லை. உங்கள் கணக்கின் மீது நடவடிக்கை எதுவும் இல்லை.

இரண்டு முறை படித்தேன். நான் கொடுத்த புகாரில் விசாரிக்கப்பட்டவள் நான். கடிகாரத்தின்படி பார்த்தால் நகலெடுத்தவளும் நான்தான். என்னை விடுவித்தது ‘வீட்டு’ என்ற சொல்.

சனிக்கிழமை அண்ணன் கூப்பிட்டார்.

“என்னாச்சு அம்மிணி? கெலிச்சுதா?”

“படம் கெலிச்சுதுங்ணா. நான் கெலிக்கலை.”

“அதென்ன, வண்டி வந்துருச்சு, டிரைவரக் காணோங்கற மாதிரி?”

“விவரமாச் சொன்னா நேரமாகும்.”

“அப்ப திங்கக்கிழமை வந்து சொல்லு. சோத்துப் போசி எடுத்துட்டு வந்துரு. இங்க ஓட்டல் சரியில்லை.”

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்குச் சேலம் பஸ் நிலையத்தில் நாமக்கல் பஸ் ஏறினேன். சன்னலோர இருக்கை கிடைத்தது. ஆபீசில் அண்ணன் தன் பக்கத்து மேசையைத் துடைத்து வைத்திருந்தார். முதல் வேலையாக, வழியில் பழுதாகி நின்ற லாரி ஒன்றின் சரக்கு தாமதமாகும் என்று ஒரு கடிதம். அவர் சொல்லச்சொல்ல அடித்தேன். இரண்டு இடத்தில் வாக்கியத்தைத் திருத்தினேன். “நான் சொன்னத அப்படியே போடு,” என்றார். அப்படியே போட்டேன்.

பதினொன்றரைக்குப் போன் அதிர்ந்தது. தளத்திலிருந்து ஒரு புதிய போட்டி அறிவிப்பு: யாரோ ஒருவருடைய சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்குச் சின்னம் வேண்டும். மூட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கீழே வரை படித்தேன். முடிய ஆறு நாள் என்றிருந்தது. அண்ணன் எதிரே டிரைவரோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த கடிதத்தை எடுத்தேன். ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை.